மேலத்தெரு ஃபைலும் கீழத்தெரு ஃபைலும்

சாமிதுரை வாத்தியார் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் வினைச்சொல் வருவதற்குள் பஸ் போய்விடும். பேச்சுக்குச் சொல்லவில்லை. குத்தாலம் பஸ் ஸ்டாண்டில் வெளியூர்க்காரர் ஒருவர், "சார், இந்த வண்டி மாயவரம் போகுமா?" என்று அவரிடம் கேட்டுவிட்டார்.

"இந்த வண்டி, அதாவது முன்னால பந்தநல்லூர் போயிட்டிருந்த அதே வண்டிதான், இதோட பழைய கண்டக்டர் மணல்மேட்டுக்காரரு, அவரோட சின்ன மாமா எங்ககூட ஹைஸ்கூல்ல படிச்சவரு, அவரு காலத்துல இது திருவிடைமருதூர்லேருந்து கெளம்பி..."

வண்டி மாயவரம் போய்விட்டது. கேட்டவர் ஸ்டாண்டிலேயே நின்றார். வாத்தியாருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "போச்சா இல்லையா? போச்சுல்ல? அதான் பதில்" என்றார்.

அரசுப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தினார். பாபருடைய படை டெல்லியை நெருங்கும்போது பீரங்கி எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆரம்பிப்பார். பீரங்கியிலிருந்து வெடிமருந்துக்குப் போய், வெடிமருந்திலிருந்து சீனத்துக்குப் போய்ச் சேரும்போது மணி அடித்துவிடும். பானிபட்டில் யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமலேயே குத்தாலம் வட்டாரத்தில் ஒரு தலைமுறை பத்தாம் வகுப்பைத் தாண்டியது. அவர்களில் பலர் இன்று சிங்கப்பூரில் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

அவர் பிறந்த கருவேலங்குடி, காவிரியிலிருந்து பிரிந்து பிரிந்து கடைசியாக மிஞ்சுகிற ஒரு வாய்க்காலின் கடைமடை ஊர். ஊர் என்றால் இரண்டு தெரு. மேலத்தெருவில் நிலத்தை வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். கீழத்தெருவில் நிலத்தில் இறங்கியவர்கள் இருந்தார்கள். மேற்கே இருப்பதால் மேலத்தெரு, கிழக்கே இருப்பதால் கீழத்தெரு, வேறொன்றும் இல்லை என்று மேலத்தெருவில் சொல்வார்கள். கீழத்தெருவில் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

சாமிதுரையின் அப்பா வீரையன், மேலத்தெரு பஞ்சநதத்திடம் பண்ணையாள். அக்கா வேம்பு, தம்பியைவிட எட்டு வயது மூத்தவர். தம்பியை பி.ஏ. வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது வேம்பு நாற்று நட்டுச் சம்பாதித்த கூலி. "நான் நட்டதெல்லாம் முளைச்சுது. இவனைப் படிக்க வெச்சேன், பேச்சுதான் முளைச்சுது" என்று ஊரெல்லாம் சொல்வார். மனைவி அம்சவல்லி சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். நூறு பிள்ளைகளைச் சத்தம் போடாமல் சாப்பிட வைத்தவருக்கு ஒரு வாத்தியாரைச் சாப்பிட வைப்பது பெரிய காரியமில்லை. "ஏங்க, மிச்சத்தை ரசத்துக்கு வெச்சுக்குங்க" என்பார். வாக்கியம் அங்கே நின்றுவிடும்.

ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்து சாமிதுரை ஊர் வரலாறு எழுத உட்கார்ந்தார். மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய இலவச லேப்டாப் வீட்டில் சும்மா கிடந்தது. அது ஒரு ஆட்சி கொடுத்தது. அதை வைத்திருந்த மேசையின் மறுபாதியில் இருந்த டி.வி. இன்னொரு ஆட்சி கொடுத்தது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்தால் நடுநிலையாக எழுதலாம் என்று வாத்தியார் நினைத்தார்.

செய்தி தெரிந்ததும் வேம்பு வந்தார். எழுபதைத் தாண்டியிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. கையில் வெற்றிலைப் பை.

"நான் மரக்காலோட வாய்க்கால்ல உக்காந்தது அதுல வரணும்" என்றார்.

"அது இல்லாம எப்படிக்கா?"

"வந்தா மட்டும் போதாது. நான் சாவுறதுக்குள்ள எனக்குப் படிச்சுக் காட்டணும். நான் ரொம்ப நாள் இருக்க மாட்டேன்."

வேம்பு அப்படிச் சொல்ல ஆரம்பித்து இருபது வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் சாமிதுரை கலங்கிப்போனார். அக்கா அவரிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை. தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டார்.

மரக்கால் கதை ஊருக்கே தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம், சம்பா அறுவடை. சென்னையில் ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. சுவரெல்லாம் சமத்துவம் பேசியது. பஞ்சநதத்தின் களத்தில் மட்டும் நெல் அளக்கிற பழைய இரும்பு மரக்கால்தான் பேசியது. குத்தகை நெல் வாங்கும்போது கோபுரமாகக் குவித்து அளப்பார்கள். கூலி கொடுக்கும்போது தலைதட்டி அளப்பார்கள். பத்தாததற்கு, அளக்கிற ஆளின் கட்டைவிரலும் மரக்காலுக்குள் இருக்கும். கீழத்தெருவில் சங்கம் வைத்தார்கள், கொடி ஏற்றினார்கள், களத்தில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வேன் வந்தது. எல்லோரும் வேனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வேம்பு மரக்காலை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். ஓடவில்லை. ஓடினால்தானே துரத்துவார்கள்.

வாய்க்காலில் இறங்கினார். மரக்காலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். மார்பளவு தண்ணீரில் நிதானமாக மஞ்சள் தேய்த்துக் குளிக்க ஆரம்பித்தார். கான்ஸ்டபிள் ஒருவர் கரைக்கு வந்து, பெண் குளிக்கிறாள் என்று முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "ஏம்மா, இந்தப் பக்கம் யாராவது மரக்கால் எடுத்துட்டு வந்தாங்களா?" என்று கேட்டார். "குளிக்கிற பொம்பளகிட்ட கேக்குற கேள்வியாய்யா இது?" என்றார் வேம்பு. கான்ஸ்டபிள் போய்விட்டார். பொழுது சாயும்வரை வேம்பு குளித்தார். மரக்கால் இல்லாமல் களத்தில் ஒரு மணி நெல்கூட அளக்க முடியவில்லை. மறுநாள் தாசில்தார் வந்து, முத்திரை போட்ட லிட்டர் படியில்தான் அளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வேம்புவுக்கு ஒரு மாதம் சளி. மரக்காலின் வட்டமும் உட்காருகிற இடத்தில் ஒரு மாதம் பதிந்திருந்தது என்பார். வரலாறு படித்த தம்பிகூட அதற்குச் சான்று கேட்டதில்லை.

இப்படிப்பட்ட கதை கையில் இருக்க, சாமிதுரை எழுதியது இது: "அக்காலத்தில் அளவை தொடர்பாகச் சில சச்சரவுகள் ஏற்பட்டன."

மேலே கருத்து, கீழே சான்று, உணர்ச்சி எங்கேயும் கிடையாது. அவருக்குக் கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனவே "ஏற்பட்டன" என்ற சொல்லுக்குத் தலையில் ஒரு சின்ன நம்பரைப் போட்டு, அக்காவை அடிக்குறிப்பில் இறக்கினார். மரக்கால், மஞ்சள், கான்ஸ்டபிள், சளி எல்லாம் அங்கே போயின.

அப்பாவுக்கும் அதே மரியாதை. "நில உச்சவரம்பையொட்டிச் சில பெயர்மாற்றங்கள் நிகழ்ந்தன" என்று மேலே ஒரு வரி. நடந்தது என்னவென்றால், சட்டத்துக்குப் பயந்து பஞ்சநதம் தம் நிலத்தில் பத்து மா, அதாவது மூன்று ஏக்கருக்கு மேல், வீரையனிடம் சொல்லாமலேயே வீரையன் பேரில் எழுதிவிட்டார். வீரையன் அந்த வயலிலேயே கூலிக்கு வரப்பு அண்டை வெட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் தலையாரி கீழத்தெருவுக்கு வந்து, பழைய சோற்றில் கை வைத்திருந்த வீரையனிடம், "மிராசுதார் வீரையன் அவர்கள் சர்க்காருக்கு லெவி நெல் போடணும்" என்று உத்தரவைப் படித்தார். வீரையன் எழுந்து நின்று, "அந்த அய்யா வூடு மேலத்தெருவுல இருக்குமுங்க" என்று வழி காட்டினார். இதுவும் அடிக்குறிப்பு.

இப்படி அடிக்குறிப்பு வளர, மேலே உரை தேய்ந்தது. வேர்டில் ஒரு பக்கத்தைத் திறந்தால் உச்சியில் ஒரே ஒரு வரி, அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே பக்கம் முழுக்க வீரையன். அடுத்த பக்கத்திலும் வீரையன். தலைவர் படம் தபால்தலை அளவிலும் ஒன்றியச் செயலாளர் படம் ஆள் உயரத்திலும் இருக்கிற பேனர் மாதிரி இருந்தது. பார்வைக்கு மட்டும் கோளாறு என்றால் பரவாயில்லை. எழுதவே முடியவில்லை. ஒரு வாக்கியம் எழுத உட்கார்ந்தால் பாதியில் அடிக்குறிப்பில் விழுந்துவிடுவார். அம்சவல்லி சோற்றுக்குக் கூப்பிடும்போதுதான் கரையேறுவார். மேலே வாக்கியம் அப்படியே நிற்கும். எதற்காக ஆரம்பித்தோம் என்பதே மறந்திருக்கும்.

குத்தாலம் கடைவீதியில் அஹமது கபீர் டி.டி.பி. கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி. வாத்தியாரிடம் படித்தவர், பானிபட் முடிவு தெரியாதவர்களில் ஒருவர்.

"வேர்டே வேணாம் சார்" என்றார் கபீர். "நோட்பேட்ல வெறும் எழுத்தா அடிங்க. அடிக்குறிப்பை அந்தந்த எடத்துலயே பிராக்கெட்டுக்குள்ள போட்டுடுங்க. பக்கம் கட்டும்போது நான் கீழ எறக்கிக்கிறேன்."

தமிழ் தெரிந்த யாரும் சாமிதுரைக்கு இந்த யோசனையைச் சொல்லியிருக்கக் கூடாது. நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வரும். "பஞ்சநதம் அவர்கள் தம் நிலங்களில் சிலவற்றை" என்று எழுதி, பிராக்கெட்டைத் திறந்து, வீரையனையும் தலையாரியையும் பழைய சோற்றையும் சொல்லி, லெவி நெல் என்றால் என்ன என்று விளக்கி, அதற்குள் இன்னொரு பிராக்கெட் போட்டு, எல்லாவற்றையும் மூடிவிட்டு "மாற்றினார்" என்று முடித்தார். எழுவாய் குத்தாலத்தில் ஏறியது. பயனிலை மாயவரத்தில் இறங்கியது. படித்துப் பார்த்த கபீருக்கு நடுவில் ஒரு டீ தேவைப்பட்டது.

"சார், தப்பு என்னோடதுதான். நீங்க யாருன்னு தெரிஞ்சும் சொல்லிட்டேன்" என்றார். "இப்படிச் செய்ங்க. வாக்கியத்துக்கு நடுவுல ஒரு சின்னப் பேரை மட்டும் சதுர பிராக்கெட்ல போடுங்க. கொக்கி மாதிரி. நம்பர் வேணாம், நடுவுல ஒண்ணு சொருகினா எல்லா நம்பரும் தடம் மாறிடும். பேருதான் நிக்கும். 'வேம்பு'ன்னு போடுங்க. தனியா இன்னொரு ஃபைல் தொறந்து, அங்க அதே பேரைப் போட்டு, எவ்வளவு வேணும்னாலும் எழுதிக்குங்க. இங்க எழுதும்போது அந்த ஃபைலை மூடி வெச்சுடுங்க. கண்ணுல படாது, இடைஞ்சல் இருக்காது."

வீட்டுக்கு வந்து இரண்டு ஃபைல் திறந்தார். லேப்டாப் பேர் கேட்டது. உரைக்கு "மேலத்தெரு" என்று வைத்தார். அடிக்குறிப்புகளுக்குக் "கீழத்தெரு" என்று வைத்தார். ரொம்பப் பொருத்தம் என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். ஊர் எப்படியோ அப்படியே ஃபைல்.

அதற்குப் பிறகு எழுத்து ஓடியது. கருவேலங்குடி கடைமடைக்கு ஒருநாளும் அப்படித் தண்ணீர் வந்ததில்லை. கீழே போக வேண்டிய ஆள் வந்தால் ஒரு கொக்கியை மாட்டிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனார். கோயில் திருப்பணி, வாய்க்கால் மராமத்து, பஞ்சநதத்தின் பாட்டனார் வெட்டிய குளம் எல்லாம் அழகாக வரிசை கட்டி நின்றன. அம்சவல்லி படித்துவிட்டு, "நல்லா இருக்குங்க. யாரோ எழுதின மாதிரி இருக்கு" என்றார். சாமிதுரை அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

வேம்புவைக் கூப்பிட்டு அனுப்பினார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மேலத்தெரு ஃபைலைப் படிக்க ஆரம்பித்தார். கோயில் முடிந்தது. குளம் முடிந்தது. வேம்பு வெற்றிலையை மென்றுகொண்டு பொறுமையாக இருந்தார்.

"அக்காலத்தில் அளவை தொடர்பாகச் சில சச்சரவுகள் ஏற்பட்டன. வேம்பு. அடுத்ததாக, கிராமச் சாலை..."

"நில்லுடா. என்னைக் கூப்பிட்டியே, என்ன?"

"கூப்பிடலக்கா. அது கொக்கி."

"என்ன கொக்கி?"

"நீ இந்த எடத்துல வர்றேன்னு ஒரு அடையாளம்."

"வரலியே? சாலை போட ஆரம்பிச்சிட்டியே?"

"நீ இன்னொரு ஃபைல்ல இருக்கேக்கா. கீழத்தெரு ஃபைல்ல. விவரமா இருக்கே, மஞ்சளெல்லாம் இருக்கு."

வேம்பு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அப்ப இதுக்குப் பேரு என்ன?"

சாமிதுரைக்கு அப்போதுதான் உறைத்தது. "மேலத்தெரு" என்றார்.

"பேரு இங்க, ஆளு அங்க. கூப்பிட்டா ஓடியாரணும், வேலை முடிஞ்சதும் போயிடணும். அப்படித்தானே?"

"அப்படி இல்லக்கா. படிக்கிறவங்களுக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு கபீர்தான்..."

"இடைஞ்சலா இருக்கத்தானேடா அன்னைக்குப் போயி உக்காந்தேன்!"

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அதன்பிறகு தம்பி வீட்டுப் பக்கம் வரவில்லை. அம்சவல்லி குழம்பு கொண்டுபோனபோது வாங்கிக்கொண்டு, "நான் செத்தா உன் புருஷனுக்கு நேரா சொல்லாதே. கீழத்தெரு ஃபைல்ல போட்டு வை, பொறவு பாத்துக்குவான்" என்று சொல்லி அனுப்பினார்.

சாமிதுரை இரண்டு நாள் வரலாற்று முறையியலைப் பற்றி அம்சவல்லியிடம் விளக்கினார். மூன்றாம் நாள் அம்சவல்லி கேட்டார்: "சச்சரவு ஏற்பட்டதுன்னு எழுதியிருக்கீங்களே, அது என்ன மழையா? தானா ஏற்பட?"

"அப்படி எழுதறதுதான் முறை."

"நிலம் பேரு மாறுதல் நிகழ்ந்துச்சுன்னு இருக்கு. தானா நிகழ்ந்துச்சா? உங்க அப்பா பேரு என்ன, காத்துல பறந்துபோயி பட்டாவுல ஒட்டிக்கிச்சா?"

வாத்தியார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அம்சவல்லி ரசம் ஊற்றினார்.

அன்று மத்தியானம் மேலத்தெரு ஃபைலை மூடி வைத்துவிட்டுக் கீழத்தெருவை மட்டும் திறந்து முதலிலிருந்து படித்தார். தான் எழுதியதுதான், ஆனால் சேர்த்துப் படித்ததில்லை. அதில் எல்லா வினைக்கும் ஆள் இருந்தது. எடுத்தார், உட்கார்ந்தார், வெட்டினார், கேட்டார். மேலே இருந்த பாதி வினைக்கு ஆளே இல்லை. அப்பா எழுந்து நின்று மேலத்தெருவுக்கு வழி காட்டிய இடம் வந்தபோது சாமிதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்சவல்லி பார்க்காத மாதிரி அரிசி களைந்துகொண்டிருந்தார்.

தெருவை மாற்றினார். கீழே இருந்தது உரை ஆயிற்று. மேலே இருந்தவர்களுக்கு ஒவ்வொரு கொக்கி போட்டு அடிக்குறிப்புக்கு அனுப்பினார். பஞ்சநதத்துக்கு முதலில் மூன்று பக்கம் வந்தது. பட்டம், பாட்டனார், குளம், தோள் துண்டு என்று எதையும் விட மனமில்லை. "ஏங்க, அடிக்குறிப்பு நீண்டா படிக்கிறவங்களுக்கு இடைஞ்சல்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் அம்சவல்லி. வெட்டி வெட்டி இரண்டு வாக்கியம் மிஞ்சியது.

ஒரு சின்ன வேலை பாக்கி. எழுதும்போது அங்கங்கே "மேலே காண்க", "மேலத்தெரு பார்க்க" என்று போட்டு வைத்திருந்தார். தெரு மாறிவிட்டதால் எல்லாம் கீழே ஆக வேண்டும். கபீருக்குப் போன் செய்தார். "அது ஒரு நிமிஷ வேலை சார். ரீப்ளேஸ்ல போயி, மேல-ங்கறதுக்குப் பதிலா கீழ-ன்னு குடுத்து, எல்லாத்தையும் மாத்துன்னு அமுக்குங்க."

அமுக்கினார். கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்தது. மேல என்ற எழுத்து எங்கெல்லாம் கண்ணில் பட்டதோ அங்கெல்லாம் கீழ என்று ஆக்கியது. மேலும் என்பது கீழும் ஆயிற்று. நிலவழக்கில் பஞ்சநதம் கீழ்முறையீடு செய்தார். தாசில்தார் தம் கீழதிகாரியின் உத்தரவுக்குக் காத்திருந்தார். தமிழ்நாட்டில் சட்டக் கீழவை ஒழிக்கப்பட்டது. ஐம்பது வருஷம் சங்கம் வைத்தும் கொடி ஏற்றியும் ஆகாதது ஒரு பொத்தானில் நடந்துவிட்டது. வாத்தியாருக்கு ஒரு கணம் அதை அப்படியே விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அம்சவல்லியும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினார்கள்.

அம்சவல்லி போய் வேம்புவை இழுத்துக்கொண்டு வந்தார். அதே நாற்காலி. வேம்பு முகத்தை வாய்க்கால் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

"வேம்பு மரக்காலை எடுத்தார்" என்று படித்தார் சாமிதுரை.

வேம்பு திரும்பினார்.

சாமிதுரை முழுதும் படித்தார். நடுவில் ஒரு விளக்கம் சொல்லவில்லை. கான்ஸ்டபிள் முதுகைத் திருப்பிக்கொண்ட இடத்தில் வேம்பு சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்க இருமினார். முடிந்ததும் நாற்காலியைத் தம்பி பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"எடுத்தார்னு போட்டிருக்கே. மரியாதையா."

"ஆமாக்கா."

"தண்ணி சில்லுன்னு இருந்துச்சு. அதைப் போடலியே?"

"போட்டுடறேன்."

"இன்னொருக்கா படி."

புத்தகம் வந்தது. குத்தாலம் நூலகக் கூடத்தில் வெளியீடு. பஞ்சநதத்தின் மகன் துரைராசு முன்வரிசையில் இருந்தார். அவரைக் கூப்பிடாமல் அந்த வட்டாரத்தில் காதுகுத்துகூட நடக்காது. ஆட்சி மாறும்போதெல்லாம் வேட்டியின் கரையை மாற்றிக்கொள்ளும் சிரமத்தை அவர் பல வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருந்தார். வாத்தியாருக்குச் சால்வை போட்டுவிட்டு, புத்தகத்தை வாங்கி, அப்பாவைத் தேடினார். கிடைக்கவில்லை. கண்ணாடி போட்டுத் தேடினார். கடைசியில் ஒரு பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் இருந்தார்.

"பஞ்சநதம்: நிலக்கிழார். களத்தில் கீழாடை இல்லாமல் நிற்பது அவர் வழக்கம்."

எல்லாவற்றையும் திருத்தினார்கள், இந்த ஒன்று தப்பிவிட்டது. மேலாடை இல்லாமல், தோளில் துண்டு மட்டும் போட்டுக்கொண்டு, கம்பீரமாகக் களத்தில் நின்ற மனிதர்.

"என்ன சார் இது?" என்றார் துரைராசு. "எங்கப்பாவுக்குப் போட்டதே ரெண்டு வரி. அதுலயும் வேட்டியை உருவிட்டீங்களே?"

"அய்யய்யோ, அச்சுப்பிழைங்க, அது எப்படின்னா, இந்த ரீப்ளேஸ்னு ஒண்ணு இருக்கு, நான் முதல்ல ரெண்டு ஃபைலா வெச்சிருந்தேன், அதுல கபீரு, அதோ அங்க நிக்கிறாரே, அவரு எங்கிட்ட எட்டாவது படிக்கும்போதே..."

"பிழைன்னு யாருடா சொன்னா?" என்றார் இரண்டாம் வரிசையிலிருந்து வேம்பு.

துரைராசு வினைச்சொல்லுக்குக் காத்திராமல் காரில் ஏறிவிட்டார். கபீர் மறுநாளே பிழைதிருத்தச் சீட்டு அடித்து ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டினார்: "கீழாடை என்பதை மேலாடை எனத் திருத்தி வாசிக்கவும்." அதுவரை கவனிக்காதவர்களும் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தார்கள். அச்சடித்ததெல்லாம் விற்றுப்போனது. கருவேலங்குடி வரலாற்றில் வேறெந்தப் பக்கமும் அவ்வளவு வாசிக்கப்பட்டதில்லை, வேம்புவின் பக்கத்தைத் தவிர. வேம்பு தெருவில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தி அதைப் படிக்க வைத்தார். எந்தப் பக்கம் என்று விரலால் சரியாகத் திறந்துவிடுவார். அந்த ஓரம் வெற்றிலைக் கறையாக இருந்தது.

அடுத்த வருஷம், வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரம், சாமிதுரை இறந்துபோனார். இருபது வருஷமாக வரிசையில் நின்றவர் வேம்பு. தாண்டிக்கொண்டு போனது தம்பி. காலையில் காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டு அம்சவல்லியிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "அந்த மதகு இருக்கே, நம்ம வேம்பு அக்கா உக்காந்திருந்த எடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அந்தப் பழைய மதகு, அதை..." என்றார். மதகைப் பற்றி என்பது வரைக்கும் தெரியும். என்ன சொல்ல வந்தார் என்பது தெரியாது. அம்சவல்லி இன்றும் சில நேரம் அந்த மதகு வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். மதகில் ஒன்றும் இல்லை. நல்ல மதகு.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கபீர்தான் அடித்தார். ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியரும் ஊர் வரலாற்றின் ஆசிரியரும் இன்னாரின் மகனும் இன்னாரின் கணவரும் என்று வழக்கமாக அடிப்பதை அடித்தார். அடியில் சின்ன எழுத்தில் துயரத்தில் பங்கேற்போர் பெயர்களை அடுக்கினார். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், எல்லாவற்றையும் அழித்தார்.

சாவு வீட்டு வாசலில் பசை காயாத போஸ்டர் முன்னால் வேம்பு வந்து நின்றார். தம்பியின் படத்தைப் பார்த்தார். படத்துக்கு மேலே இருந்த பெரிய எழுத்தைப் பார்த்தார்.

"நான் இதுல எங்க இருக்கேன்?"

"மேல இருக்கீங்கம்மா" என்றார் கபீர். "மொத வார்த்தையே நீங்கதான்."

"படி."

"வேம்புவின் தம்பி சாமிதுரை காலமானார்."

"அப்புறம்?"

"அவ்வளவுதாம்மா."

"கீழ ஒண்ணும் இல்லியா?"

"இல்லம்மா."

வேம்பு கையை நீட்டி அந்த எழுத்துகளின்மேல் வைத்தார். பசையின் ஈரம் கையில் ஒட்டியது.

"இவ்ளோ சீக்கிரமா முடிச்சிட்டியேப்பா" என்றார். "அவனா இருந்தா இன்னும் சொல்லிட்டுல்ல இருப்பான். கொஞ்சம் இழுத்து எழுதேன்."